பாய் விரிக்கும் டிரைவர் அண்ணன்

பாயை விரிப்பதற்கு முன்னால் டிரைவர் அண்ணன் தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரிப்பார். தாளுக்கு மேல் பாய், பாய்க்கு மேல் நாலாக மடித்த துண்டு, துண்டுக்கு மேல் அவர். இவ்வளவையும் சத்தமில்லாமல் செய்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். பிளாஸ்டிக் தாள் சும்மா இருக்குமா? சரசரவென்று ஊரைக் கூட்டும். அதை மறைக்க இவர் இருமுவார். இருமினால் வேறு ஆபத்து உண்டு. ஆகவே பாதி இருமலில் நிறுத்தி, தொடைகளைச் சேர்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் உட்காருவார்.

இது ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் நடப்பது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு அங்கே யோகப் பயிற்சி. கதவில் ‘மகளிர் இடுப்பு நலம்’ என்று அட்டை தொங்கும். பிரசவம், அறுவை சிகிச்சை, வயது என்று ஆளுக்கொரு காரணம். தும்மினால் நனைகிறவர்கள், சிரித்தால் நனைகிறவர்கள், அவசரமாகப் படியிறங்கினால் நனைகிறவர்கள் என்று பத்துப் பெண்கள் அங்கே படுத்து எழுந்துகொண்டிருந்தோம். நான் தும்மல் கட்சி.

ஐந்து மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை இவர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் பூனை மாதிரி முட்டி போட்டு, கையை ஊன்றி, முதுகை வளைத்துக்கொண்டிருந்தோம். அந்த நிலையில் ஓர் ஆண்பிள்ளையை வரவேற்பது சுலபமல்ல. “வழி மாறி வந்துட்டீங்களா?” என்று கேட்டவள் நான்தான். கேட்ட குரலில் மரியாதை கம்மி, ஒப்புக்கொள்கிறேன்.

“வழி எனக்கு மாறாதுங்க. முப்பத்தோரு வருஷமா பஸ் ஓட்டறேன்” என்றார். சொன்ன கையோடு டாக்டரின் சீட்டை நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் டீச்சர் பிசியோதெரபி படித்தவள். அவர் வயதில் பாதிதான் இருக்கும். சீட்டைப் படித்துவிட்டு, “சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உட்காருங்க” என்றாள். “இது ஆம்பளைக்கும் இருக்கா?” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் அன்று பூனையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தினாள். இடுப்பெலும்புக்கு அடியில், முன்னாலிருந்து பின்னால் வரை, தூளி கட்டியது மாதிரி ஒரு தசை. சிறுநீர்ப் பையையும் குடலையும் கீழேயிருந்து தாங்குவது அதுதான். பெண்களுக்குக் கருப்பையும் அதன்மேல்தான். பிறந்த எல்லோருக்கும் அது உண்டு. சிறுநீர்ப் பைக்கு அடியிலிருக்கும் புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டால் ஆண்களுக்குத் தாழ்ப்பாள் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதியை இந்தத் தசைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரைவர் அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஆள் நல்ல உயரம். ஐம்பத்தேழு வயதுக்கு நரை குறைவு. எந்நேரமும் கறுப்புக் கால்சட்டைதான். பையில் அதே நிறத்தில் இன்னொன்று இருக்கும். பாயில் புரண்டு படுக்கச் சொன்னால் வலப்பக்கம் ஒரு பார்வை, இடப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் புரளுவார். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். சிரிக்க மாட்டார். எது கேட்டாலும் ஒரே பதில்தான். முட்டி வலிக்கிறதா அண்ணா? “அதுவா, அது ஓடும்ங்க.” தூக்கம் வருகிறதா? “ஓடும்ங்க.” வீட்டில் எல்லோரும் சுகமா? “ஓடுதுங்க.”

ஓடாதது ஒன்றுதான். அவர் பஸ்.

புற்றுநோய் என்று சுரப்பியை எடுத்தார்கள். நோய் போய்விட்டது. மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு பணிமனைக்குத் திரும்பி, தன் பழைய பஸ்ஸையே கேட்டு வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். பகல் முழுதும் ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம் நாலு மணி தாண்டினால் சொட்ட ஆரம்பித்துவிடும். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகும் இவர் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸைக் கழுவ வந்த அம்மாள், “இறங்குங்கய்யா, தண்ணி அடிக்கணும்” என்றாள். இறங்கினார். அவள் இருக்கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முதல் வாளித் தண்ணீரை ஓட்டுநர் இருக்கையில் ஊற்றினாள்.

மறுநாள் அவரே போய்த் தனக்கு மேசை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். பணிமனை வாசலில் கண்ணாடிக் கூண்டு. எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுத வேண்டும். தன் பஸ்ஸை இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போகிற நேரத்தையும் அவர்தான் எழுதினார். ஆறு மாதத்துக்குள் ஒரு சோதனை ஓட்டம் தரவேண்டும், இல்லாவிட்டால் கூண்டு நிரந்தரம் என்பது அங்கே விதி. இரண்டு மணி இருபது நிமிடம் ஓடுகிற நீள வழித்தடம். பின்னால் பரிசோதகர் உட்கார்ந்திருப்பார். நேரம் தவறக் கூடாது. அட்டவணையில் இல்லாத நிறுத்தம் கூடாது. இதையெல்லாம் எங்களிடம் சொன்ன அன்று மட்டும் “ஓடும்ங்க” என்று அவர் சொல்லவில்லை. “அந்த சீட்டுல உட்காரலேன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியலை” என்றார்.

மூன்றாவது வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. “வீட்டுல பயிற்சி செய்யறீங்களா அண்ணா?” என்று டீச்சர் கேட்டாள்.

“வீட்டுல என்னங்க, பஸ் ஓட்டினப்பவே ரோட்டுல செய்வேன். ஆஸ்பத்திரியில ஒரு தாள் கொடுத்தாங்க. இறுக்கிப் பிடி, விடுன்னு படம் போட்டிருந்துச்சு. எப்ப எப்ப செய்யறதுன்னு மறந்துடும்னு சிக்னலோட சேர்த்துட்டேன். சிவப்பு விழுந்தா பிடிப்பேன். பச்சை விழுந்தா விடுவேன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல்?”

“போக வர நாலு தடவைங்க. நூத்தி முப்பது இருக்கும்.”

“சில சிக்னல் ரெண்டு நிமிஷம் நிக்குமே?”

“ரெண்டு நிமிஷமும் பிடிப்பேன்” என்றார் டிரைவர் அண்ணன் பெருமையாக. “மூச்சு விடாம.”

டீச்சர் பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். “அண்ணா, பத்து விநாடிக்கு மேல அதைப் பிடிக்கக் கூடாது. பிடிச்ச அளவுக்கு விடணும். மூச்சை அடக்கினா வயிறு கீழ தள்ளும். மேல நீங்க பிடிக்கப் பிடிக்க அது கீழ இடிக்கும். காலையிலேருந்து இப்படிப் பிடிச்சா சாயங்காலம் அந்தத் தசையில என்ன மிச்சம் இருக்கும்?”

நாங்கள் பத்துப் பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பாதத்தை அழுத்தினார். எடுத்தார்.

“பிரேக் மேலயே கால வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன்” என்றார். “புதுப் பையன் எவனாவது அப்படி ஓட்டினா நான் கண்டபடி திட்டுவேன்.”

அதன் பிறகு அவருக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் விடுவதைத்தான். மல்லாந்து படுத்து, இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்து வைத்து, முட்டிகளைப் பக்கவாட்டில் விழவிடுவது. குழந்தை மாதிரி குப்புற மடங்கி, நெற்றியைத் தரையில் வைத்து, மூச்சு முதுகுக்குப் போவதைப் பார்ப்பது. இடுப்பைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே மெல்லச் சேர்ப்பது, இறக்கும்போது முழுசாக விடுவது. கேட்க ஒன்றுமே இல்லை போலத்தான் இருக்கும். அவருக்கு மலையாக இருந்தது. முட்டி விழாது. தாடை இறுகியே இருக்கும். “விடுங்கண்ணா” என்பாள் டீச்சர். “விட்டுட்டேங்க” என்பார். எங்கே விட்டார்? விட்டால் ஒழுகிவிடும் என்ற பயம் அவர் கட்டை விரல் வரைக்கும் இருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் பயந்தார். எனக்குச் சில நாள் கோபமே வரும். இந்த மனிதர் இவ்வளவு நாள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாரே என்ற கோபம்.

யாரிடமும் என்றால் மனைவியிடமும்தான். வெளுப்பது, உலர்த்துவது எல்லாம் அந்த அம்மாள் எழுவதற்கு முன்பே. படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டதற்கு முதுகுவலி என்று காரணம். பயிற்சிக்கு வருவதற்குக் காலை நடை என்று காரணம்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் மாடியேறி வந்துவிட்டார். நடை போகிறவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போவானேன் என்று பின்னாலேயே வந்திருக்கிறார். கதவிலிருந்த அட்டையைப் படித்தார். உள்ளே பத்துப் பெண்கள், நடுவில் முட்டியை விரித்து மல்லாந்து கிடக்கும் கணவர். டிரைவர் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து உட்கார்ந்தவர் பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைப் பாய்க்கடியில் தள்ளப் பார்த்தார். தாள் சரசரத்தது.

அந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெண்களுக்கு அந்தத் தாளின் சத்தம் தெரியும்.

“இதுக்கா கூடத்துல போய்ப் படுத்தீங்க?” என்றார்.

அவர் தாளிலிருந்து கையை எடுத்தார்.

“சின்னவன் பிறந்ததுலேருந்து எனக்கும் இருமினா வந்துடும். இருபத்தாறு வருஷம். உங்களுக்கு அருவருப்பா இருக்கும்னு நான் சொன்னதே இல்ல.”

டிரைவர் அண்ணன் மனைவியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பாயின் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, மூக்கைச் சிந்தினேன், சிந்தினதில் எனக்கும் கொஞ்சம் நனைந்தது. அந்த வாரத்திலிருந்து பதினொரு பெண்கள்.

ஒரே நாளில் மாயம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாலு மணிக்குச் சொட்டியது ஆறு மணிக்குச் சொட்டியது. பிறகு சில நாள் சொட்டவில்லை. பிறகு ஒரு கெட்ட வாரம் வந்து பழையபடி ஆனது. பயிற்சிக்கு வராமல் இரண்டு நாள் முழுக்குப் போட்டார். மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் மல்லாந்து படுத்திருந்தபோது அவர் முட்டிகள் இரண்டும் தாமாகவே தரையைத் தொட்டன. அவருக்குத் தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தார்.

சோதனை ஓட்டத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கு நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை, மனசு கேட்கவில்லை. மனைவி எனக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் முன்னிருக்கையில் படிவத்தோடு உட்கார்ந்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற ஆள். கறார் பேர்வழி, ஒரு நிமிடத் தாமதத்துக்கும் விளக்கம் கேட்பவர் என்று அந்த அம்மாள் என் காதில் சொன்னார். டிரைவர் அண்ணன் கிளம்பும் முன் அரைப் பாட்டில் தண்ணீரை எங்கள் கண்முன்னாலேயே குடித்தார்.

நன்றாக ஓட்டினார். பள்ளத்தில் இறக்கி ஏற்றியதே தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் கழிந்தது. பாதி வழி தாண்டி ஒரு பஸ் நிலையம்; அங்கே ஒரு நிமிடம்தான் அனுமதி. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கதவு மூடவில்லை. எஞ்சின் நின்றது. டிரைவர் அண்ணன் எழுந்து எங்களைப் பார்த்துத் திரும்பினார். நாற்பது பேர் இருந்திருப்போம்.

“எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு ஒண்ணுக்குப் போகணும். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்றார், சாதாரணமான குரலில். இறங்கிப் போனார்.

இன்னும் ஐம்பது நிமிடம் தாங்கியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பரிசோதகரும் கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தில் பேனாவை வைத்தார். எழுதவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு மளமளவென்று இறங்கினார். மேலிடத்துக்குப் போன் போடத்தான் போகிறார் என்று அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நான் பின்னாலேயே இறங்கினேன்.

நிலையத்தின் பின்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை. உள்ளே ஆள் இருந்தது. டிரைவர் அண்ணன் கதவருகே நின்றார். அவருக்குப் பின்னால் பரிசோதகர் போய் நின்றார். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நெற்றியில் வியர்வை.

டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். “எவ்வளவு நேரமா சார் அடக்கிக்கிட்டு இருக்கீங்க?”

பரிசோதகர் தரையைப் பார்த்தபடி, “கிளம்பினதுலேருந்து” என்றார். பிறகு, “இப்ப ரெண்டு வருஷமாவே இப்படித்தான்” என்றார்.

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். டிரைவர் அண்ணன் தோளைத் தளர்த்தி, மூச்சை மெல்ல, முழுசாக வெளியே விட்டார். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்று, பரிசோதகருக்கு வழிவிட்டார்.