நான் திருப்பிக் கொடுத்த புகார்

எடப்பாடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் அலுவலக வேலை பார்க்கிறேன். பெண்களின் புகாரை விசாரிக்கக் குழு வேண்டும் என்று சட்டம் சொல்வதால், என்னைத் தலைவியாகப் போட்டு, கேண்டீன் சுவரில் என் பெயரையும் எழுதி வைத்தார்கள். மூன்று வருடம் யாருமே வரவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் நூல் சுற்றும் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். சூப்பர்வைசர் மெஷின் சந்தில் வேண்டுமென்றே உரசுகிறான், விலகினால் எல்லார் முன்பும் கேவலமாகத் திட்டுகிறான் என்று ஒரு தாள் நிறைய எழுதியிருந்தாள். அவன் முதலாளிக்குச் சொந்தக்காரன்.

"இதை மேல அனுப்புனா உங்க ஊட்டுக்குத் தெரிஞ்சிரும் அம்மிணி. அப்பறம் வேலைக்கே உட மாட்டாங்க. வேற பிரிவுக்கு மாத்தச் சொல்லட்டுமா?"

"நான் எதுக்குங்கக்கா மாறோணும்? தப்புப் பண்ணுனது அவுருங்க."

"யோசிச்சுட்டு வா" என்று தாளை மடித்து அவள் கையிலேயே வைத்தேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். மறுவாரம் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, அதே பிரிவில் இன்னொருத்தி கழிவறையில் அழுதுகொண்டு நின்றாள். விசாரித்தேன். அதே ஆள்.

அன்று சாயங்காலமே முதல் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடுதாசி இருக்குதா அம்மிணி? இப்ப வாங்கிக்கறேன்."

"அடுப்புல போட்டுட்டனுங்க. வேணும்னா மறுக்கா எழுதித் தாரேன். ஆனா நீங்க திருப்பிக் குடுத்ததையும் சேத்தித்தான் எழுதுவனுங்க."

"எழுது" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விசாரணையில் நான் தலைவி பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். எனக்குப் பதிலாக வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா, முதல் பெண் மறுபடி எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்தார். என்னைப் பற்றிய வரி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "உண்மைதானுங்க" என்றேன். அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பினார்கள். முதல் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டேன். வேறு மில்லில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

இரண்டாவது பெண் இங்கேயே இருக்கிறாள். அவளைத் தனியாக விசாரித்ததால் அந்த வரி அவளுக்குத் தெரியாது. போன வாரம் வீட்டில் சுட்ட ஒப்பிட்டுப் போளி இரண்டு கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "நீங்க இல்லீன்னா என் கதி என்னாயிருக்குமோங்கக்கா" என்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். "சாப்பிட்டியா அம்மிணி?" என்றுதான் வந்தது.