இருசப்பன் ஊற்றிய கடல்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் குப்பத்தில் இருசப்பனைப் போல உலகம் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அதை அவரே சொல்லுவார். சரக்குக் கப்பலில் பல வருஷம் ஓடிவிட்டு முழங்கால் வலியோடு ஊர் திரும்பியவர். கப்பலுக்குப் போன மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவந்தார்கள். இருசப்பன் கடலையே கொண்டுவந்தார்.

“சரக்க எறக்கிட்டா கப்பலு ஆட்டம் குடுக்கும். அதுக்கோசரம் அந்த ஊரு கடத்தண்ணிய வயித்துல ரொப்பிக்கும். இங்க வந்து சரக்கு ஏத்தசொல்ல தொறந்து வுட்டுடணும். சிங்கப்பூரு தண்ணி, கொரியா தண்ணி, அல்லாம் இந்தக் கையால ஊத்துனதுதான்” என்பார்.

டீக்கடையில் இதைக் கேட்டுக் கேட்டு ஊரே பெருமைப்பட்டது.

போன வருஷம் சாரங்கபாணியின் இறால் குஞ்சுப் பண்ணையில் தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன. வைரஸ் என்று சோதனையில் தெரிந்தது. புயல் பாதுகாப்புக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வசுமதி என்ற கடல் ஆய்வாளர் பேசினார். ஒரு சொட்டுக் கடல்நீரில் லட்சக்கணக்கான வைரஸ்கள் இருக்கலாம், கப்பல் வயிற்றுத் தண்ணீரில் அவை துறைமுகம் விட்டுத் துறைமுகம் போகலாம் என்றார். அவற்றில் பெரும்பாலானவை மனிதரை ஒன்றும் செய்யாது என்று அவர் சொன்னபோது போண்டா வந்துவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே ஊருக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார். மீன்காரி ஷீலாவுக்குக் காய்ச்சல் வந்தது. இருசப்பன் ஊற்றிய தண்ணீர். எழிலின் வலையில் மீன் இல்லை, அதே தண்ணீர். சாரங்கபாணி இருசப்பன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“உலகத்து அழுக்கெல்லாம் கொண்டுவந்து கொட்டினேன்னு நீயேதானப்பா சொன்னே? என் குஞ்சுக்கு யார் பதில் சொல்றது?”

இருசப்பன் தலை குனிந்து நின்றார். சாரங்கபாணி போனதும் மனைவி வச்சலா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“உண்மைய சொல்லிட்டுப் போயேன்யா. கப்பலு கிச்சன்ல வெங்காயம் உரிச்சவன் நீ. பம்பு எங்க கீதுன்னாவது தெரியுமா உனுக்கு?”

“மெதுவா பேசு” என்றார் இருசப்பன். அவருக்கு இரண்டு வழி இருந்தது: வைரஸ் பரப்பியவர் என்று பேர் வாங்கலாம், இல்லை வெங்காயம் உரித்தவர் என்று வாங்கலாம். யோசித்துப் பார்த்து முதலாவதையே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வசுமதி பண்ணையில் மாதிரி எடுக்க வந்தார். ஊரும் கூடியது. “உங்க கப்பல்ல அந்தத் தண்ணிய எப்படிச் சுத்தம் பண்ணுவாங்க, ஐயா?” என்று அவர் மரியாதையாகக் கேட்டார். இருசப்பன் வானத்தைப் பார்த்தார்.

“அதுக்கு இன்னாமா தெரியும், அது சமையக்கட்டுல இருந்துச்சு” என்று வச்சலா போட்டு உடைத்தாள்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் வசுமதி கரையில் இரண்டு குழாய்களைப் பார்த்துவிட்டார்.

“இது என்ன சார்?”

“கடல்லேர்ந்து தண்ணி எடுக்கிற குழாய்” என்றார் சாரங்கபாணி.

“பக்கத்துல இருக்கறது?”

“குஞ்சு செத்த தொட்டியக் கழுவி விடற குழாய்.”

“மருந்து போடாமலா?”

“கடல் எவ்வளவு பெரிசு மேடம்.”

“முதல்ல எங்கேருந்து வந்துதுன்னு என்னால சொல்ல முடியாது சார். கப்பலாவும் இருக்கலாம். ஆனா தொட்டிக்குத் தொட்டி போக அதுக்குக் கப்பலே வேண்டாம்” என்றார் வசுமதி.

சாரங்கபாணி சொல்பேச்சுக் கேட்டார். கழிவுக் குழாயைத் தள்ளிப் போட்டார். இப்போது அது பக்கத்துப் பண்ணைக்கு நேராக விழுகிறது.

விடுதலையான இருசப்பன் வெகுநாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை. ஒருநாள் எழில் வீடு தேடி வந்தான். தங்கைக்கு நிச்சயதார்த்தம். “அண்ணாத்த, எரநூறு பேருக்கு மீன் கொழம்புன்னா புளி எவ்ளோ போடணும்?”

இருசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். புளி, உப்பு, எந்த மீனை எப்போது போடுவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே முழு உண்மை அதுதான்.

எழில் தலையாட்டிவிட்டு, மதுராந்தகத்திலிருந்து சமையல்காரரை வரவழைத்தான்.