அண்ணாந்து பார்த்த குஞ்சுகள்

முதலைப் பண்ணையில் குஞ்சுக் கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் அவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் 'தாயார்'. ஐம்பது வயது, முரட்டு மீசை. இவருக்கா இந்தப் பெயர் என்று கேட்பவர்கள், முந்நூறு குஞ்சுகளுக்கும் அவர் கறியைப் பொடியாக அரைத்துப் போடுவதையும், தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்ப்பதையும் கண்டதில்லை.

மனிதர்களிடம் அவருக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. அவர் பேசும்போது மேலாளர் கைபேசியைப் பார்ப்பார்; மகள் சுவரைப் பார்ப்பாள்; மனைவி பார்ப்பதே இல்லை. ஆகவே ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் தொட்டியில் நாலைந்து குஞ்சுகள் கழுத்தை வளைத்துத் தம்மை அண்ணாந்து பார்த்தபோது, அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டதில் சட்டப்படி குற்றம் காண முடியாது.

வீட்டில் சொன்னார். "நாலு காலு இருக்கறதாவது உங்கள நிமிந்து பாக்குதே, சந்தோஷம்" என்றாள் மனைவி.

செவ்வாயன்று அண்ணாந்தவை இருபது. புதனன்று ஐம்பது, சில வட்டமடித்து நீந்தின, இரை எடுக்கவில்லை. பாசம் மிகுந்தால் பசிக்காது என்று தாயார் விளக்கம் வைத்திருந்தார். வியாழன் காலை பதினொன்று மல்லாந்து மிதந்த பிறகுதான் கால்நடை மருத்துவரை அழைத்தார்.

வந்தவர் மகள் வயதுப் பெண். கொசு கொண்டுவரும் வைரஸ், மூளையைத் தாக்கினால் கழுத்து தானாக மேலே இழுத்துக்கொள்ளும், பிறகு கழிவு கலந்த தண்ணீரிலும் பரவும் என்றார். கொட்டகையின் கொசுவலையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். அதைத் தைக்கக் கோரித் தாயார் கொடுத்த மனு மேலாளரின் பரிசீலனையில் இருந்தது. கொசு அதுவரை காத்திருக்கவில்லை.

"எப்பலேருந்து இப்படி அண்ணாந்து பாக்குதுங்க?"

இன்று காலையிலிருந்து என்று சொல்லும்படி, பக்கத்தில் நின்ற மேலாளர் தாயாருக்குக் கண்ணைக் காட்டினார்.

"திங்கக்கிழமையிலேருந்து, டாக்டரம்மா. என்னத்தான் பாக்குதுன்னு நெனச்சேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. ஐந்து தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. திங்களன்றே நிறுத்தியிருந்தால் மற்றவையாவது தப்பியிருக்கலாம். இதற்கு மருந்தில்லை. இனி அத்தனையையும் கொன்றுதான் ஆக வேண்டும் என்றார்.

"மத்த தொட்டில நல்லாத்தானே இருக்கு? அதுங்கள விட்டுடலாமே?" என்று கேட்டார் தாயார்.

"அதுங்களுக்கும் வந்திருக்குங்க. வெளிய தெரியல, அவ்வளவுதான்."

ஊசி போடக் குஞ்சைப் பிடித்துக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. கடிபடாமல் பிடிக்கத் தெரிந்தவர் பண்ணையில் ஒருவர்தான். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவர் கைக்கு வந்ததும் எல்லாம் அடங்கிப் படுத்தன.

முதலைப் பண்ணையில் அழுகிற ஆளைக் கேலி செய்வதற்கென்றே நம் மொழியில் ஒரு சொல் தயாராக இருக்கிறது. அன்று அதை யாரும் வாயில் எடுக்கவில்லை.