தேவராஜின் இருமல்

என் நண்பர் தேவராஜை அவருடைய பேத்தியைத் தூக்கவிடாமல் செய்தது நான்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூரில் எனக்கு எதிர் வீடு. பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் டிபி வந்து, மருந்து சாப்பிட்டுக் குணமானவர். சமீபத்தில் இருமல் திரும்பியது. கைக்குட்டையில் ரத்தம்! வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கும் நேரம்.

அவர் மகன் ஸ்டீபன் என்னிடம் வந்து கேட்டான். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் அல்லவா... "பழைய டிபிதான். குழந்தையை அவர்கிட்ட விடாதேப்பா" என்றேன். சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்தது. அப்போதும், "அதை நம்ப முடியாது" என்றேன். நான் என்ன டாக்டரா?

தேவராஜ் மாடி அறைக்குப் போனார். தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தை அழுதால் படிக்கட்டு வரை வருவார். அங்கேயே நிற்பார்.

"இன்னா வாத்தியாரே, நான் தொட்டா பாப்பா கரைஞ்சிடுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

இருமல் நிற்கவில்லை. நுரையீரல் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. பழைய டிபி நுரையீரலில் விட்டுப்போன குழியில் பூஞ்சை குடியேறியிருந்தது. அது சுரக்கும் புரதங்களை அடையாளம் கண்டு, அவர் உடம்பு ஆன்டிபாடிகளைத் தயாரித்து வைத்திருந்தது. ரிப்போர்ட் பாசிட்டிவ். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆனால் — யாருக்கும் தொற்றாது!

அவர் ரத்தம் ஆளைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது. ஆளை மாற்றிச் சொன்னவன் நான். படித்தவன் தப்பாகச் சொன்னாலும் சபையில் எடுபட்டுவிடுகிறது... அதுதான் ஆபத்து.

அன்று மாலையே போனேன். ஸ்டீபன், அவன் மனைவி, சம்பந்தியம்மா எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். "தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிட்டேன். என் தப்பு" என்றேன். படியில் நின்றிருந்த தேவராஜிடம், "மன்னிச்சுடுப்பா" என்றேன்.

மருமகள்தான் எழுந்தாள். குழந்தையை எடுத்துப் போய் மாமனார் கையில் கொடுத்தாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் ஆசையாகக் கிட்டே போய் விரலை நீட்டினேன்.

"அங்கியே நில்லு வாத்தியாரே! மொதல்ல கைய கழுவிகினு வா."

சோப்புப் போட்டு, இரண்டு முறை கழுவினேன்.