பழக்கி வைத்த டின்

எங்கள் தெருவில் கேக் என்றால் என் கேக்தான். படிப்பு எனக்கு எழுத்துக் கூட்டுகிற அளவுக்குத்தான். ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு நான் சுட்டுக் கொடுக்காத வீடு இங்கே கிடையாது.

எங்கள் மாடியில் குடியிருக்கிறவளின் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒருதரம் கல்யாண வீட்டில் கடலைச் சட்னி நாக்கில் பட்டதுக்கே உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பேக்கரியை நம்பமாட்டேன், நீங்கதான் செய்யணும் என்று அந்தத் தாய் வந்து நின்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

என் அடுப்படியில் கடலை படாத சாமான் ஏது? அதனால் சல்லடை, கரண்டி, டின் எல்லாம் புதுசு வாங்கினேன். சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டைக்கூட எழுத்துக் கூட்டிப் பார்த்துத்தான் பிரித்தேன். நத்தத்திலிருந்து வந்திருந்த தங்கச்சியிடம், கடலை ஒரு பொட்டுக்கூட சேரக்கூடாது என்று சொல்லி வைத்தேன்.

கேக் டின்னை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. புது டின் முதல் சூட்டில் கொஞ்சமாவது பிடிக்கும். இது பிடிக்கவில்லை. மனசில் என்னவோ உறுத்தியது, என்னவென்று தெரியவில்லை. கேக் மாடிக்குப் போய்விட்டது. மேலே பிள்ளைகள் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

பாத்திரம் கழுவுகையில் தங்கச்சியிடம் அதைச் சொன்னேன்.

"எப்படி ஒட்டும்? நீ காலையில பூசைக்குப் போனப்பவே எண்ணெய் தடவிக் காயவச்சுப் பழக்கிட்டேன்ல. புதுச் சட்டிய அப்படியேவா அடுப்புல ஏத்துவாக?"

"எந்த எண்ணெய்டி?"

"நம்ம செக்கு எண்ணெய்தான்க்கா."

எங்கள் வீட்டில் செக்கு எண்ணெய் என்றால் கடலை எண்ணெய். கடலை வேண்டாம் என்றுதானே நான் சொன்னேன். எண்ணெயும் கடலைதான் என்று அவளுக்குப் படவில்லை.

முட்டுவலி எங்கே போனதோ, படியேறி ஓடினேன். பிள்ளையின் கையில் கேக் துண்டு இருந்தது. தட்டிவிட்டேன். எல்லாரும் எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் தாய், அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்து வைத்திருந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாயில வச்சியாம்மா?" என்று கேட்டாள்.

"மேல உள்ள கிரீமை மட்டும் நக்குனேன்."

ஆட்டோவில் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் வெகுநேரம் உட்காரவைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

தாய் என்னைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் வந்து பேசிவிட்டுத்தான் போகிறாள். ஆனால் மேலே அந்தப் பிள்ளை ஒரு இருமல் இருமினால் போதும், மாவு பிசைகிற கை அப்படியே நின்றுவிடும். அடுத்த இருமல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.