மாமாவின் இடது தொடை

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நாங்கள் இருந்த காலத்தில், அம்மாவின் தம்பி வன்னியிலிருந்து வந்து ஆறேழு மாதம் எங்களுடன் தங்கினார். சண்டையில் செல் குண்டு பட்டு இடிந்த சுவர் அவருடைய இடது தொடையில் விழுந்திருந்தது. பிளாஸ்டரை வெட்டியபோது உள்ளேயிருந்து வந்த கால் வேறு யாருடையதோ போலிருந்தது. அவ்வளவு மெலிவு.

எலும்பு பொருந்திவிட்டது, தசைதான் வேலையில்லாமல் வாடிப்போயிற்று என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ். தன் இரு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் காட்டி, தசையின் நார்களுக்குள் இருக்கும் நுண்ணிய இழைகள் இப்படித்தான் வழுக்கி நெருங்கும், அப்போது தசை குறுகி எலும்பை இழுக்கும் என்றார். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. தொடையின் முன்பக்கம் இழுத்தால் கால் நீளும், பின்பக்கம் இழுத்தால் மடங்கும். வேலை கொடுத்தால் அதே நார்கள் மறுபடி தடிக்கும். இரண்டு தொடைக்கும் வித்தியாசம் அரை அங்குலமானால் ஊருக்குப் போகலாம்.

மாமா கதிரையில் இருந்துகொண்டு, கணுக்காலில் அரிசிப் பையைக் கட்டி, காலை நீட்டி நீட்டி மடக்குவார். ஞாயிறுதோறும் அம்மாவின் தையல் நாடாவால் தொடையை அளந்து கொப்பியில் எழுதுவது என் வேலை. எனக்கு எட்டு வயது. கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலையால் வர இருட்டிவிடும். பின்னேரங்களில் என்னோடு கரம் பலகையில் விளையாடவும், நான் சொல்வதை முழுதாகக் கேட்கவும் வீட்டில் ஓர் ஆள் இருந்தது அதுவே முதல் தடவை. ஆகவே, கால் தடிக்கத் தொடங்கியதும் நான் அந்தக் காலில் மட்டும் நாடாவை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கினேன்.

மூன்று ஞாயிறாக அளவு அசையவில்லை. மாமா பையில் அரிசியைக் கூட்டினார். காலையில் செய்ததைப் பின்னேரமும் செய்தார். ஒருநாள் நீட்டிய கால் மடங்கவில்லை. தொடைச் சதை கல்லாய்த் திரண்டு நின்றது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையைப் பற்றினார்.

"நான்தான் இறுக்கிப் பிடிச்சனான்," என்று அழுதேன். "நீங்கள் போயிடுவியள் எண்டு."

வலி விட்டதும் மாமா காலை மெல்ல மடக்கினார்.

"நாடாவை எடுத்துக்கொண்டு வா, பிள்ளை. இப்ப வடிவாப் பிடி."

வலது பதினெட்டு. இடது பதினேழரை.

"திரும்ப ஒருக்காப் பார்."

பார்த்தேன். அதேதான். மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கோவமோ மாமா?"

இல்லையென்று தலையாட்டினாரே தவிர, அழுகை நிற்கவில்லை.

அடுத்த கிழமை வவுனியா பஸ் ஏறினார். அதற்கப்பால், சண்டை பிடிக்கும் இரு பக்கத்துக்கும் நடுவே, பஸ் போகாத வெளியை மூட்டையோடு நடந்துதான் கடக்கவேண்டும் என்று அம்மா சொல்லிக் கவலைப்பட்டார். மாமிக்கு அங்கே பிறந்து மூன்று மாதமான குழந்தையை மாமா இன்னும் பார்க்கவில்லை என்பதும் வீட்டில் கதைபட்டதுதான். போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எல்லாமே எனக்குத் தெரியும். தெரிந்தும், என் பொய்யை நினைத்துத்தான் அவர் அன்றைக்கு அழுதார் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கால் சுகமாகிவிட்டது என்பதற்காகவும் ஒரு மனிதர் அப்படி அழக்கூடும் என்று எட்டு வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.