மைக்கில் சொன்ன ஸலாம்

ஜின் இருக்கிறது என்று குர்ஆன் சொல்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊரில் சொல்கிற கதைகளில் ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை. பதினாறு வருடமாக ஸ்கேன் இயந்திரத்தோடு மாரடிக்கிறவன், பழுதென்றால் எங்கே பழுதென்று தேடத்தான் தெரியும். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மீராசாகிபு காக்கா சாய்ந்தமருதில் தோணி எஞ்சின் திருத்துகிறவர். தலையிடி என்று கல்முனையில் நான் வேலை செய்யும் இடத்துக்கு மூளை ஸ்கேன் எடுக்க வந்தார். மூளைக்குள் நீர் எப்படி அசைகிறது என்று காட்டுகிற படம் அது, ஆள் தலையை ஆட்டினால் கலங்கிவிடும். இயந்திரத்தின் குழாய்க்குள் போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மைக்கில கதைச்சிட்டே இரிங்க தம்பி."

"சத்தத்துக்குப் பயமா காக்கா?"

"சத்தம் எனக்குப் பழக்கம். ஆளில்லாம இரிக்கத்தான் ஏலா."

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மழை, மீன் விலை என்று வாயில் வந்ததையெல்லாம் கதைத்தேன். மனுசன் அசையவேயில்லை. படத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் உயிரில்லாத உடம்பாய் அவருடைய மையித்து வந்தது. மனைவி நிந்தவூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம், தனியே கிடந்து மௌத்தாகியிருக்கிறார். அதே படத்தை மறுபடி எடுத்துப் பழையதோடு ஒப்பிடலாம், சாவுக்குக் காரணம் தெரிந்தால் உடம்பை வெட்டிப் பார்க்கத் தேவையில்லை என்றார் டொக்டர். "வெட்ட மட்டும் விட்டுராதீங்க தம்பி" என்று காக்காவின் மனைவி வாசலில் நின்று அழுதார். பின்னேர அஸர் தொழுகைக்கு அடக்கம்.

உயிர் போனால் மூளைக்குள் அந்த நீரசைவு அடங்கிப்போகும், தலையும் ஆடாது, இதைவிடச் சுலபமான படம் இல்லை என்றுதான் நினைத்தேன். படம் கலங்கி வந்தது. தலையைச் சுற்றி இறுக்கமாகப் பஞ்சணை வைத்து மறுபடி எடுத்தேன், அதுவும் கலங்கல். இயந்திரத்தைச் சோதித்தேன், பழுதில்லை.

அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போனால் மையித்துகளுக்கு ஸலாம் சொல்கிறோம்தானே, அது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. மைக்கை அழுத்தினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. நான் இஞ்சதான் நிக்கிறன்."

பிறகு அதே மழை, அதே மீன் விலை, கண்ணீர் வழிய வழியக் கதைத்தேன். படம் துப்புரவாக வந்தது. முதல் படத்தில் இல்லாத இரத்தக்கசிவு தெரிந்தது. வெட்டவில்லை, அஸருக்கே அடக்கினோம்.

அடுத்த கிழமை இயந்திரம் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியரிடம் அந்தக் கலங்கிய படங்களைக் காட்டினேன், யாருடையது என்று சொல்லவில்லை.

"மெஷின்ல பிழை இல்ல. பேஷன்ட் பயந்து போய்த் தலையை ஆட்டியிருக்காரு" என்றார்.

என் மனைவியும் பிள்ளைகளும் கட்டாரில், நான் வாடகை அறையில். அன்றிலிருந்து ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். ஒரு நாள் என்னை அந்தக் குழாய்க்குள் வைத்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கதைக்க யார் இருப்பார் என்று தெரியவில்லை.